தன்வினை பிறவினை நோக்கில் மயங்கும் ஆங்கில வினைச்சொற்கள்

தோற்றுவாய்

தமிழ் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்ப்போரும், கல்வெட்டுகளுக்கு ஆங்கிலத்தில் பொருளுரை வரைவோரும், தமிழ் இலக்கணத்தைப் பிறநாட்டார்க்கு ஆங்கில வாயிலாக விளக்குவோரும் நம்மிடையே பலர் உளர். அன்னார் எழுத்தில் பெயர்ச்சொல் ஒன்று பிழைபடின் அப்பொருள் ஒன்றே பிழைபடும். வினைச்சொல் பிழைபடினோ, வினைமுதல், செயப்படுபொருள், காலம் ஆகிய யாவும் ஒருங்கே பிழைபடும். ஆதலின், ஆங்கில வினைகளுள் ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நின்று மயக்கந் தருவனவற்றைப் பிரித்தறிதல், ஆங்கிலம் பயில்வார்க்கேயன்றித் தமிழாய்வார்க்கும் இன்றியமையாததாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். 'வீரன் உடல் தரையில் கிடந்தது' என ஒரு தொடர் இருப்பதாகக் கொள்வோம். இதனைப் பெயர்ப்பார் ஆங்கிலத்தில் 'லெய்' என்னும் இறந்தகால வடிவினை ஆளல் வேண்டும். அதனை விடுத்து 'லெய்டு' என எழுதுவாராயின், ஆங்கிலம் வல்லார் அத்தொடரைத் 'தரையில் கிடத்தப்பட்ட வீரன் உடல்' என்றே கொள்வர். கிடத்தியவர் யாவர் என்னும் வினா உடனே எழும். மூலத்தில் இல்லாத வினைமுதல் ஒன்று மொழிபெயர்ப்பில் புகுந்துவிடுகின்றது. வீழ்ந்த இடத்திலேயே கிடந்தவனைச் சுற்றத்தார் எடுத்துக் கிடத்தினர் எனக் கொண்டு, அக்காலச் சாவுச் சடங்கு குறித்து ஒருவர் முடிபு கூறவும் துணியலாம். சிறியதொரு வடிவ வேறுபாட்டால் விளையும் கேடு இத்துணைப் பெரிது.

இத்தகைய வினைகளைப் பட்டியலிட்டு மனப்பாடஞ் செய்தலே வழக்கமாக உள்ளது. மனப்பாடம் நெடிது நிற்பதில்லை. இவற்றுட் பெரும்பாலன தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டின் எச்சங்கள் என்பதையும், அப்பாகுபாட்டை நன்கறிந்த தமிழ் மாணவர்க்கு இம்மயக்கத்தைத் தீர்க்கும் திறவுகோல் தம் மொழியிலேயே உளது என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆங்கிலச் சொற்களின் ஒலியைத் தமிழ் எழுத்தால் மேற்கோட்குறியுள் தருகின்றோம்.

1. மயங்கும் இணைகள்

முதற்கண் ஐந்து இணைகளை எடுத்துக்கொள்வோம்.

(அ) 'லை' என்பது கிடத்தல், படுத்தல். 'லெய்' என்பது கிடத்துதல், வைத்தல்.
(ஆ) 'ரைஸ்' என்பது எழுதல்; 'ரெய்ஸ்' என்பது எழுப்புதல், உயர்த்துதல்.
(இ) 'சிட்' என்பது இருத்தல், அமர்தல். 'செட்' என்பது இருத்துதல், வைத்தல்.
(ஈ) 'ஃபால்' என்பது வீழ்தல். 'ஃபெல்' என்பது வீழ்த்துதல்.
(உ) 'டிரிங்க்' என்பது பருகுதல். 'டிரெஞ்ச்' என்பது பழங்காலத்தில் பருகச் செய்தல், இக்காலத்தில் முழுதும் நனைத்தல்.

தமிழ்ப் பொருளை நோக்குமிடத்து, கிட - கிடத்து, எழு - எழுப்பு, இரு - இருத்து, வீழ் - வீழ்த்து என ஒவ்வோரிணையும் தன்வினையும் பிறவினையுமாக அமைந்திருத்தல் வெள்ளிடைமலை. ஐந்தாம் இணையில் மட்டும் பிறவினை தன் பழம்பொருளினின்றும் விலகியுள்ளது. எனினும் கால்நடைகட்கு மருந்து புகட்டுதலை இன்றும் ஆங்கிலத்தில் 'டிரெஞ்ச்' என்றே கூறுப. ஆண்டுப் பழம்பொருள் அழியாது நிற்கின்றது.

2. பிறவினை ஆக்கத்தின் வரலாறு

ஆங்கிலம், செருமானியம், டச்சு, ஸ்காந்தினேவிய மொழிகள் ஆகியன ஒரு தொன்மொழியினின்றும் கிளைத்தவை. அத்தொன்மொழி நூல் வடிவில் எஞ்சவில்லை. கிளைமொழிகளை ஒப்பிட்டு அதன் வடிவங்களை அறிஞர் மீட்டுணர்ந்துள்ளனர். அம்மொழியில் தன்வினையினின்று பிறவினையை ஆக்கற்கு ஒரு முறை இருந்தது. 'சிட்' என்னும் வினை இறந்தகாலத்தில் 'சட்' என அகரம் பெறும். அவ்வகர வடிவின்மேல் யகரத்தை முதலாக உடைய விகுதி சேர, 'சட்யன்' என்றாற்போன்ற பிறவினை பிறக்கும். பின்னர், அவ்யகரம் தனக்கு முன்னின்ற அகரத்தைத் தனக்கு இனமாகிய எகரமாகத் திரித்தது. திரித்தபின் தானும் கெட்டது. இவ்வாறே 'செட்' தோன்றிற்று. 'லெய்', 'ஃபெல்', 'டிரெஞ்ச்' ஆகியவற்றில் நாம் காணும் எகரமும் மறைந்துபோன அவ்யகரத்தின் சுவடேயாகும்.

செருமானிய மொழி இவ்விணைகளைப் பெரிதும் பேணிவைத்துள்ளது. அம்மொழியில் 'டிரிங்கன்' என்பது பருகுதல். 'டிரெங்கன்' என்பது கால்நடைக்குத் தண்ணீர் காட்டுதல். இருத்தலும் இருத்துதலும், கிடத்தலும் கிடத்துதலும் ஆங்கு இன்றும் உயிர்மாற்றத்தாற் பிரிந்து நிற்கின்றன.

இரண்டாம் இணையின் வரலாறு சற்றே வேறுபட்டது. 'ரைஸ்' என்பதற்கு ஆங்கிலத்திற்கே உரிய பிறவினை 'ரியர்' என்பது. பிறவினை வடிவில் ஸகரம் மெலிந்து ரகரமாகத் திரிந்தமையால் தாய்ச்சொல்லோடு அதற்குள்ள உறவு புலப்படாதாயிற்று. இத்திரிபின் காரணத்தை டென்மார்க்கு நாட்டறிஞர் கார்ல் வெர்னர் (1846-1896) கண்ட ஒலிவிதி விளக்குகின்றது. இன்று வழங்கும் 'ரெய்ஸ்' ஸ்காந்தினேவியர் வாயிலாக ஆங்கிலத்துட் புகுந்த சொல். ஒரே தொன்மொழிப் பிறவினை இருவழியாக வந்து, இரு சொற்களாக நிலவுகின்றது. மக்களை வளர்த்தலைக் கூறுதற்கு இவ்விரண்டும் வழங்குதல் அதனாலேயே என்க.

3. மயக்கத்தின் காரணங்கள்

தாய்மொழியாளரே இவ்வினைகளை மயக்குதல் ஏன்? மூன்று காரணங்கள் கூறலாம்.

ஒன்று, வடிவ ஒப்புமை. 'லை' என்னும் தன்வினையின் இறந்தகாலம் 'லெய்'. 'லெய்' என்னும் பிறவினையின் நிகழ்கால வடிவமும் அதுவே. பழைய ஆங்கிலத்தில் வேறு வேறாய் ஒலித்த இவை ஒலித்திரிபால் ஒன்றாயின. பொய் கூறுதலைக் குறிக்கும் பிறிதொரு 'லை' உண்டு. அதன் இறந்தகாலம் 'லைடு'. மூன்று வினைகள் இரண்டு ஒலிவடிவங்களுள் நெருங்கி நிற்பின் மயக்கம் நேர்தல் இயல்பே. 'ஃபெல்' என்பதும் இவ்வாறே வீழ்ந்தது என இறந்தகாலமும், வீழ்த்து எனப் பிறவினையும் ஆகும். ஆயினும் பிறவினையாகிய 'ஃபெல்' பெரும்பான்மையும் மரத்தை வெட்டி வீழ்த்துதற்கே வழங்குதலின், ஆண்டு மயக்கம் அரிதாயிற்று.

இரண்டு, ஆக்கமுறை இறந்துபட்டமை. யகர விகுதி கெட்டபின், அம்முறையாற் புதிய பிறவினைகளை ஆக்க ஆங்கிலத்தால் இயலவில்லை. விகுதி உயிரோடு உள்ளவரை பேசுவோர் அதன் பொருளை உணர்வர். கெட்டபின் எஞ்சிய இணைகளைத் தனித்தனிச் சொற்களாகவே கொள்வர். கற்றலும் கற்பித்தலும் இதற்குச் சான்று. கற்பித்தற்கெனப் பழைய ஆங்கிலத்தில் தனிவினை ஒன்று இருந்தது. அது வழக்கொழிய, கற்றலைக் குறிக்கும் 'லேர்ன்' என்பதே இடைக்காலத்தில் கற்பித்தலையும் குறித்தது. 1611-ஐ ஒட்டி எழுந்த 'டெம்பெஸ்ட்' என்னும் நாடகத்தில் ஷேக்ஸ்பியர் அச்சொல்லைக் கற்பித்தற் பொருளில் ஆண்டுள்ளார். இன்று அவ்வாட்சி செவ்விய வழக்கன்று. 'டீச்' என்பதே கற்பித்தற்கு உரியது.

மூன்று, பொதுவினைகளின் பெருக்கம். ஆங்கிலத்தில் 'ஓபன்', 'பிரேக்', 'பாயில்' முதலிய பல வினைகள் வடிவு மாறாமலே தன்வினையும் பிறவினையும் ஆகின்றன. கதவு திறந்தது என்பதற்கும் கதவைத் திறந்தான் என்பதற்கும் 'ஓபன்' ஒன்றே அமையும். இப்பெருவழக்கின் ஈர்ப்பால், 'லெய்' என்பதையும் இருபொருட்கும் பொதுவாக்கப் பேச்சுவழக்கு முயல்கின்றது. பைரன் 1818-இல் வெளியிட்ட 'சைல்டு ஹெரால்டு' நான்காம் காண்டத்தில் 'லை' வரவேண்டிய இடத்து இயைபு நோக்கி 'லெய்' என ஆண்டமையும் ஈண்டு நினைக்கத்தகும். எனினும் ஆய்வுரை எழுதுவார் பேச்சுவழக்கையோ பாவலர் உரிமையையோ சான்றாகக் கொள்ளுதல் தகாது.

4. இறந்தகாலத்தால் அறியும் நெறி

இவ்வரலாற்றினின்று பயன்தரும் நெறி ஒன்று பெறப்படுகின்றது. ஆங்கிலத் தன்வினைகள் பழமையானவை. அவை தம் உயிரை மாற்றி இறந்தகாலம் காட்டும். பிறவினைகளோ அவற்றினின்றும் ஆக்கப்பட்டவை. அவை ஈற்றில் டகர ஒலியை ஏற்று இறந்தகாலம் காட்டும். 'லை' 'லெய்' ஆகும். 'ரைஸ்' 'ரோஸ்' ஆகும். 'சிட்' 'சாட்' ஆகும். 'ஃபால்' 'ஃபெல்' ஆகும். 'டிரிங்க்' 'டிராங்க்' ஆகும். இவை தன்வினைகள். 'லெய்' 'லெய்டு' ஆகும். 'ரெய்ஸ்' 'ரெய்ஸ்டு' ஆகும். 'ஃபெல்' 'ஃபெல்டு' ஆகும். 'டிரெஞ்ச்' 'டிரெஞ்ச்டு' ஆகும். இவை பிறவினைகள். 'செட்' என்பது தன் ஈற்றிலேயே டகரம் உடைமையால், விகுதி அதனோடு ஒன்றி, இறந்தகாலத்தும் 'செட்' என்றே நின்றது. ஆகவே, 'உயிர் திரியின் தன்வினை, டகரம் ஏற்பின் பிறவினை' என்பதை நெஞ்சிற் கொள்க.

'ஷைன்' என்னும் வினையிலும் இந்நெறி தோன்றுகின்றது. ஞாயிறு ஒளிர்ந்தது எனின் 'ஷோன்'. காலணியைத் துலக்கினான் எனின் 'ஷைண்டு'. இந்நெறி எங்கும் செல்லுமோ எனின், செல்லாது. 'ஹேங்' என்பதன் இறந்தகாலமாகிய 'ஹங்' தொங்குதல், தொங்கவிடுதல் இரண்டற்கும் பொது. ஒருவனைத் தூக்கிலிடுதற்கு மட்டும் 'ஹேங்டு' உரியது. ஞாயிறு மறைதலைக் கூறுமிடத்துச் 'செட்' தன்வினையாக வழங்கும். இவை புறனடை எனக் கொள்க. கோழி முட்டையிடுதலை 'லெய்' என வாளா கூறுதலோ புறனடையன்று. ஆண்டு முட்டை என்னும் செயப்படுபொருள் தொக்கு நின்றது.

5. தமிழோடு ஒப்பு

தமிழில் தன்வினை பிறவினையாகும் முறைகள் பல. மெல்லெழுத்து வல்லெழுத்தாதல் ஒரு முறை: திருந்து - திருத்து, அடங்கு - அடக்கு. வல்லெழுத்து இரட்டித்தல் ஒரு முறை: ஆடு - ஆட்டு, உருகு - உருக்கு. பகுதி வேறுபடாது காலங்காட்டும் எழுத்து வேறுபடுதல் பிறிதொரு முறை: சேர்ந்தான் - சேர்த்தான், தேய்ந்தது - தேய்த்தான். இவற்றுட் சிலவற்றைக் கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் விரித்துரைத்துள்ளார்.

இறுதியிற் கூறிய முறை நமக்குப் பெரிதும் பயன்படும். 'சேர்' என்னும் பகுதியை மட்டும் நோக்கின் அது தன்வினையோ பிறவினையோ அறிதல் அரிது. இறந்தகாலத்தை நோக்கின் ஐயம் அகலும். 'லெய்' என்னும் ஒலிவடிவும் அத்தகையதே. இறந்தகாலத்தில் 'லெய்டு' ஆகுமாயின் அது கிடத்துதல். தானே இறந்தகாலமாய் நிற்குமாயின் அது கிடத்தல். தமிழ் மாணவர் சேர்ந்தான், சேர்த்தான் என்பனவற்றை ஒருகாலும் மயக்குவதில்லை. அக்கண்கொண்டே ஆங்கிலத்தையும் நோக்குவாராயின் ஆண்டும் மயங்கார்.

தமிழிலும் வடிவு ஒன்றாய் நின்று இருபொருள் தரும் வினைகள் இல்லாமலில்லை. திற, வெளு என்பன அத்தகையன. தொல்காப்பியர் மொழிமரபினுள், உகரத்தோடு கூடிய பகர ஈற்றுச் சொல் ஒன்றே என்றும், அது இருவகைப் பொருளுக்கும் உரித்து என்றும் கூறினார். உரையாசிரியர்கள் அதனைத் 'தபு' எனக் காட்டி, எடுத்தும் படுத்தும் கூறும் ஓசை வேறுபாட்டால் அச்சொல் சாதலையும் சாவச் செய்தலையும் குறிக்கும் என விளக்கினர். ஒரு வடிவு இருவினைக்கும் பொதுவாமிடத்து, மயக்கம் நீக்கும் வேறு கருவியை நாடுதல் வேண்டும் என்னும் உண்மையை நம் இலக்கணநூலார் தொன்றுதொட்டே உணர்ந்திருந்தனர் என்பது இதனால் பெறப்படும்.

இவ்வொப்புமை கொண்டு இருமொழிக்கும் உறவு உண்டெனக் கூறுதல் பொருந்தாது. தானே நிகழ்தலையும் பிறரால் நிகழ்தலையும் வேறுபடுத்தல் பல மொழிகட்கும் பொதுவான தேவை. அத்தேவை பற்றி எழுந்த ஒப்புமையே இது.

6. இருவேறு பாகுபாடுகள்

'எதனை' என்னும் வினாவால் ஆங்கிலப் பிறவினையை அறியலாம் என ஆசிரியர் சிலர் கற்பிப்பர். முதல் நான்கு இணைகட்கு இது பொருந்தும். எழுப்பினான் எனின், எதனை எழுப்பினான் என வினவலாம். எழுந்தான் எனின் வினவல் இயலாது. ஆனால் ஐந்தாம் இணைக்கு இது பொருந்தாது. பருகினான் என்பது தன்வினை. ஆயினும் எதனைப் பருகினான் என வினவலாம். தன்வினை, பிறவினை என்பது வேறு. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்பது வேறு. உண் என்பது செயப்படுபொருள் குன்றாத தன்வினை. ஊட்டு என்பது அதன் பிறவினை. முதல் நான்கு இணைகளில் இவ்விரு பாகுபாடும் ஒருங்கு பொருந்தியமையால், இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் எழுகின்றது. அதனை நீக்கிக்கொள்க.

7. பிறவினைமேற் பிறவினை

ஆங்கிலம் தமிழுக்கு ஈடுகொடுக்க இயலாத இடமும் உண்டு. நன்னூலார் பதவியலுள், வி, பி என்னும் விகுதிகள் தனித்து வருதலையும் இணைந்து வருதலையும் கூறி, ஏவல் மேல் ஏவல் அடுக்கும் முறையை வகுத்தார். தமிழின் இவ்வாற்றல் கல்வெட்டுகளில் வரலாற்றுச் சிறப்புடையதாகின்றது. முதலாம் இராசராசன் (985-1014) தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் அக்கோயிலைத் தான் 'எடுப்பிச்ச' திருக்கற்றளி எனக் குறிக்கின்றான். எடுத்தல் என்பதே உயரச் செய்தல் ஆகும். எடுப்பித்தல் என்பது பிறரைக்கொண்டு அதனைச் செய்வித்தல். கட்டியோர் வேறு, கட்டுவித்தோன் வேறு என்னும் உண்மை அச்சொல்லின் உறுப்பிலேயே அடங்கியுள்ளது.

இதனை ஆங்கிலத்தில் 'ரோஸ்' எனின், கோயில் தானே எழுந்ததாகும், எடுப்பித்தவன் மறைவான். 'ரெய்ஸ்டு' எனின், எடுத்தவனுக்கும் எடுப்பித்தவனுக்கும் வேறுபாடு தோன்றாது. 'காஸ்' போன்றதொரு துணைவினையைச் சேர்த்து விரித்துரைத்தாலன்றி மூலப்பொருள் முழுதும் வாராது. ஒரு கோயிலை எழுப்பியோர், எழுப்புவித்தோர், அதற்குக் கொடை அளித்தோர் ஆகியோரைப் பிரித்தறிதல் சமுதாய வரலாற்றிற்கு அடிப்படை. அப்பிரிவு மொழிபெயர்ப்பில் அழியுமாயின், மூலத்தை அறியாதார் அதனை ஒருகாலும் மீட்டறிய மாட்டார்.

8. இடமும் திசையும் நோக்கும் வினைகள்

பிறவினை ஆக்கத்திற்கு அப்பாற்பட்ட மயக்கங்களும் சில உள. அவற்றிற்கும் நம் இலக்கணமே துணைசெய்கின்றது. 'பிரிங்', 'டேக்' என்பனவற்றை மாணவர் பலர் மயக்குவர். 'டேக்' என்பதற்கு எடு என்னும் ஒரு பொருளையே மனங்கொண்டமையால் வந்த பிழை இது. தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கனுள், தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்றும், ஏனைய இரண்டும் படர்க்கைக்கு உரியன என்றும் வரையறுத்தார். ஆங்கிலத்துச் செவ்விய வழக்கும் இதனோடு பெரிதும் ஒத்தது. கேட்போனிடத்திற்குச் செல்பவன் தமிழில் 'நாளை வருவேன்' என்றே கூறுவான். ஆங்கிலத்திலும் 'கம்' என்பதே உரியது. நூலை உங்களிடம் கொண்டு வருவேன் எனின் 'பிரிங்'. நூலகத்திற்குக் கொண்டு செல்வேன் எனின் 'டேக்'. வா, செல் என்னும் துணைகொண்டு தமிழாற் சிந்தித்தபின் ஆங்கிலச் சொல்லைத் தெரிவாராயின் பிழை நேராது.

'லெண்டு', 'பாரோ' என்பனவும் இத்தகையன. முன்னது இரவல் கொடுத்தல். பின்னது இரவல் வாங்குதல். தமிழில் இரவல், கடன் என்னும் பெயர்கள் இருதிறத்தார்க்கும் பொதுவாய் நிற்க, கொடு, வாங்கு என்னும் வினைகளே திசையை உணர்த்துகின்றன. ஆங்கிலத்தில் பெயரும் திசையும் ஒரே வினையுள் ஒடுங்கியுள்ளன. பெயரை மட்டும் உளங்கொண்டு வினையை நெகிழவிடுவோரே ஈண்டு மயங்குவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், ஆங்கில வினைகளின் மயக்கம் சொற்பொருள் அறியாமையால் மட்டும் வருவதன்று என்பதும், அம்மொழியில் இறந்துபட்டதோர் ஆக்கமுறையின் எச்சங்களை இனம் காணாமையாலேயே பெரும்பான்மையும் வருவதென்பதும் பெற்றாம். மயக்கம் நேருமிடத்து முதற்கண் தமிழில் அது தன்வினையோ பிறவினையோ என வினவுக. அடுத்து ஆங்கில வினையின் இறந்தகாலத்தை நோக்குக. இறுதியாக மூலத்தில் உள்ள வினைமுதல் மொழிபெயர்ப்பிலும் அவ்வாறே உளதா என ஒத்துப்பார்க்க. இம்மூன்றும் செய்யப்படின், செய்தான் செய்யாதவனாகவும், செய்யாதவன் செய்தானாகவும் வரலாற்றில் இடம்பெறும் பிழை நீங்கும். பிறமொழிப் புலமைக்குத் தம்மொழி இலக்கணம் தடையாகும் எனக் கருதுவார் சிலர் உளர். ஈண்டுக் காட்டிய வினைகள் அக்கருத்தை மறுக்கின்றன. தன்மொழி இலக்கணத்தைத் தெளியக் கற்றவனுக்கு அதுவே பிறமொழிக்கும் விளக்காகும்.